ஓசியில் வந்த நாலு கிளாஸ்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் வியட்நாமின் ஹோய் ஆன் நகரத்து இரவு வாழ்க்கையைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். எந்தப் பக்கம் பார் அதிகம், எத்தனை மணிக்குப் போனால் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம், பாட்டு எங்கே நன்றாக இருக்கும் என்றெல்லாம் ஆசையாக எழுதியிருந்தார்கள். நானும் அந்த ஊருக்குப் போய் வந்தவள்தான். அழகைப் பற்றிச் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் சில இடங்களில் உள்ளே நுழைந்ததும் ஓசியில் ஒரு ஷாட், அதாவது ஒரே மடக்கில் குடிக்கும் சின்ன கிளாஸ் சாராயம், தருவார்கள், விட்டுவிடாதீர்கள் என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் ராயபுரத்துக்காரி. 34 வருஷம் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். அதில் பாதிக்கு மேல் அவசர சிகிச்சைப் பிரிவில். என் அப்பா ஹார்பரில் மூட்டை தூக்கியவர். ரங்கூன், சிங்கப்பூர் என்று எத்தனையோ கப்பலுக்குச் சரக்கு ஏற்றினார். ஒன்றிலும் ஏறிப் போனதில்லை. அதனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது ஏலச்சீட்டு எடுத்தாவது பாங்காக், பாலி, வியட்நாம் என்று கிளம்புவதைப் பார்த்தால் எனக்கு மனசு நிறைகிறது. போகட்டும், ஊர் உலகத்தைப் பார்க்கட்டும். குடிக்காதே என்று யாருக்கும் புத்தி சொல்ல நான் எழுதவில்லை. அப்பாவே சாயங்காலம் சுண்டக்கஞ்சி இல்லாமல் தூங்க மாட்டார். குடித்தவர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வளர்ந்தவள் நான்.

மகளும் மருமகனும் கடந்த மார்ச்சில் என்னை அழைத்துப் போனார்கள். கோலாலம்பூரில் விமானம் மாறி, தானாங்கில் இறங்கி, அங்கிருந்து தெற்கே 30 கிலோமீட்டர். தூ போன் ஆற்றங்கரையில் ஊர். ஒரு காலத்தில் ஜப்பானிய, சீன வியாபாரிகள் காற்றுக்காகக் காத்துத் தங்கிய துறைமுகம் அது. ஆற்றில் மண் மேவி ஆழம் குறைந்ததும் பெரிய கப்பல்கள் தானாங்குக்குப் போய்விட்டன. வியாபாரம் போனதால் இடித்துக் கட்ட யாருக்கும் அவசியம் வரவில்லை. மஞ்சள் சுவரும் ஓட்டுக்கூரையுமாக ஊர் அப்படியே நின்றுவிட்டது. 1999-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள் என்பதாலோ என்னவோ, அந்த ஊர் எனக்கு முதல் நாளே ஒட்டிக்கொண்டது.

நாங்கள் போய்ச் சேர்ந்த மறுநாள் பௌர்ணமிக்கு முந்தின இரவு. மாதம் ஒரு முறை அந்த இரவில் பழைய ஊருக்குள் மின்விளக்குகளை அணைத்துவிட்டு, பட்டுத்துணி விளக்குகளை மட்டும் எரிய விடுகிறார்கள். காகித விளக்குக்குள் மெழுகுவர்த்தி ஏற்றி ஆற்றில் மிதக்க விடுகிறார்கள். மாலையில் மோட்டார் வண்டிகளுக்கு அந்தத் தெருக்களில் அனுமதி இல்லை. ஹாரன் சத்தமே இல்லாத ஒரு கடைத்தெருவை நான் என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் பார்த்தேன். எம்.சி. ரோட்டில் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போய் வந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

பழைய ஊர் பத்து மணிக்கெல்லாம் அடங்கிவிடும். பாலம் தாண்டி எதிர்க்கரையில் ஆன் ஹோய் என்ற பகுதிக்குப் போனால் இரவுச் சந்தை, அதை ஒட்டி பார்கள். மருமகன் முதல் நாள் என் எதிரில் பீர் கேட்கவே கூச்சப்பட்டார். "அத்தை, நீங்க ரூமுக்குப் போறீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். நான் போகவில்லை. முட்டி வலியோடு அந்தக் குட்டை பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவருக்கு லாரூ பீர், கேனில் வந்தது. கூடவே ஒரு கிளாஸில் பெரிய ஐஸ் கட்டி. அங்கே பீரில் ஐஸ் போட்டுத்தான் குடிக்கிறார்கள். எனக்கும் மகளுக்கும் சான் முய். உப்பில் ஊறப்போட்ட எலுமிச்சையைத் தண்ணீரும் சர்க்கரையும் ஐஸும் சேர்த்து நசுக்கித் தருவது. முதல் வாய் குடித்ததும் எங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடி நினைவுக்கு வந்தது.

சைட் டிஷ்ஷாகக் காய்ந்த கடம்பா, அதாவது கணவாய், வந்தது. காசிமேட்டில் ஈரக் கடம்பாவைக் கூடை கூடையாகப் பார்த்திருக்கிறேன். இவர்கள் அதைத் தட்டையாகக் காயவைத்துக் கரி அடுப்பில் வாட்டி, நார் நாராகக் கிழித்து, உப்பும் மிளகும் கலந்த எலுமிச்சைச் சாறில் தொட்டுச் சாப்பிடச் சொன்னார்கள். கருவாடு சுடும் அதே வாசனை. பக்கத்து மேசையில் ஒரு வியட்நாம் குடும்பம், பேரப்பிள்ளைகள் வரை வந்திருந்தது. "மோட், ஹாய், பா, யோ!" என்று சேர்ந்து கத்திவிட்டுக் கிளாஸைத் தூக்குகிறார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதுதானாம். அந்த வீட்டுப் பாட்டி, என் வயதுதான் இருக்கும், கையை நீட்டித் தன் கிளாஸை என் எலுமிச்சை கிளாஸோடு இடித்தார். மகளும் நானும் அந்தத் தெருவில் 11 மணிக்கு நடந்து அறைக்குத் திரும்பினோம். ஒருவரும் ஒரு மாதிரி பார்க்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

1990-களில் ஒரு ராத்திரி டியூட்டி. மீன்பாடி வண்டி ஓட்டுபவர், நாற்பது வயது இருக்கும். அவர் மனைவி கையைப் பிடித்து நடத்திக் கூட்டி வந்தார். வார்டில் அன்றைக்கு ஒரே ஒரு டியூப் லைட், அதுவும் விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. அவர் என்னைப் பார்க்காமல் என் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டு கேட்டார்: "சிஸ்டர், லைட்டை ஏன் இவ்ளோ வெள்ளையா வெச்சிருக்கீங்க?" முந்தின நாள் மத்தியானம் எங்கேயோ மலிவாகக் கிடைத்ததைக் குடித்திருக்கிறார். ராத்திரி தலைவலி, வாந்தி. குடித்த கிறக்கம் என்று மோர் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார். காலையில் கண் முன்னால் பனி மூட்டம் போல இருந்திருக்கிறது, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று மறுபடி படுத்திருக்கிறார். அவர் உயிர் பிழைத்தார். பார்வை திரும்பவில்லை. அதற்கப்புறம் அந்த வெள்ளை என்ற சொல்லை வேறு சில நோயாளிகள் வாயிலும் கேட்டேன். கேட்ட ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு கலங்கும்.

அது மெத்தனால். நாம் குடிக்கும் சாராயத்தில் இருப்பது எத்தனால். இது அதன் பங்காளி. பார்க்க ஒரே மாதிரி, வாசனையில் கண்டுபிடிக்க முடியாது, நாக்கிலும் தெரியாது. குடித்தவுடன் சாதாரண போதைதான் வரும். நம் கல்லீரல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம்தான் கண் நரம்பைத் தின்கிறது, மூச்சை முட்ட வைக்கிறது. இதற்கு 12 மணி நேரம் ஆகலாம், ஒரு நாள் ஆகலாம். நல்ல சாராயமும் கலந்து குடித்திருந்தால் இன்னும் தள்ளிப் போகும். அதனால்தான் எல்லாரும் அதை வெறும் போதைக் கிறக்கம் என்று நினைத்து ஏமாறுகிறார்கள். இரண்டு மூன்று டீஸ்பூன் அளவே பார்வையைப் பறிக்கப் போதும்.

இது நமக்குப் புதிய கதை இல்லை. 2023 மே மாதம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் விஷச் சாராயம் குடித்து 20 பேருக்கு மேல் இறந்து போனார்கள். எக்கியார்குப்பம் மீனவர் ஊர். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அன்றைக்கு அடுப்பு எரியவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல். அதே 2024 நவம்பரில் லாவோஸ் நாட்டின் வாங் வியெங்கில் ஆறு வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் இதே விஷத்தில் இறந்தார்கள். அவர்களில் 19 வயதுப் பெண்கள் இருந்தார்கள். வாங் வியெங்கும் ஹோய் ஆன் மாதிரிதான், முதுகுப் பையோடு வரும் பிள்ளைகளுக்குப் பிடித்த ஊர், ஆறு, மலை, மலிவான அறை. குடிசைச் சாராயம் குடிப்பவனுக்குத்தான் இந்த ஆபத்து என்று படித்த பிள்ளைகள் நினைக்கிறார்கள். கலர் விளக்கு போட்ட இடத்திலும் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று ஊற்றுபவருக்கே தெரியாமல் இருக்கலாம். வாங்குபவர், விற்பவர், கலந்தவர் என்று கை மாறி வருகிறது.

ஹோய் ஆனில் மூன்றாம் நாள் ராத்திரி. அதே ஆன் ஹோய் பக்கம், வேறு ஒரு இடம். பின்னால் இருந்து "மச்சா, ஐஸ் கேள்றா" என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தேன், நாலு பிள்ளைகள். பேச்சைக் கேட்டதுமே எங்கள் ஏரியா என்று தெரிந்துவிட்டது. விசாரித்தால் வியாசர்பாடி. நாலு பேரும் ஒரே ஃபுட்பால் டீம். காவ் லாவ் நூடுல்ஸைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, பீச் ஸ்டேஷன் எதிரில் விற்கும் அத்தோ மாதிரி வருமா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம் ஜனங்கள் கொண்டுவந்த அத்தோவைச் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள் வேறெப்படிப் பேசுவார்கள்? எனக்கு அந்தச் சண்டையைக் கேட்கக் கேட்க ஊருக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது.

அப்போதுதான் சர்வர் பையன் ஒரு தட்டில் நாலு சின்ன கிளாஸ் கொண்டுவந்து வைத்தான். லேசான மஞ்சள் நிறம். காசு வேண்டாம் என்று சைகை காட்டினான். ஒரு பிள்ளை எடுத்து அப்படியே வாயில் ஊற்றிக்கொண்டான். நான் எழுந்து போய்விட்டேன்.

"நைனா, கொஞ்சம் இரு. இது எந்தப் பாட்டில்?"

"இன்னாமா ஆச்சு? ஓசிதாம்மா."

நான் சர்வர் பையனிடம் பாட்டிலைக் காட்டு என்று கையால் கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே உள்ளே போய் ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் காட்டினான். லேபிள் இல்லை. பாதி காலி. வீட்டில் காய்ச்சிய அரிசிச் சாராயம், பழம் ஊறப்போட்டது. அவன் மேல் நான் குற்றம் சொல்ல மாட்டேன். வீட்டில் செய்ததை விருந்தாளிக்குப் பாசத்தோடு கொடுத்திருப்பான். அந்தச் சாராயம் நல்லதாகவே இருந்திருக்கலாம். ஆனால் நல்லது என்று எதை வைத்துச் சொல்வது? மற்ற மூன்று பேரிடமும் மீன்பாடி வண்டிக்காரர் கதையைச் சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன். மூன்று கிளாஸும் தட்டுக்கே திரும்பிப் போயின. குடித்தவன் முகம் வெளுத்துவிட்டது. அவனுக்கு 23 வயதுகூட இருக்காது.

பயப்படாதே, ஆனால் இன்றைக்கு நீ தனியாகத் தூங்கக் கூடாது என்று சொன்னேன். தலை வலித்தால், வாந்தி வந்தால், மூச்சு வேகமாக வாங்கினால், கண் மங்கினால் அந்த நிமிஷமே கிளம்ப வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த நாட்டில் ஆம்புலன்ஸுக்கு 115. மருத்துவமனையில் மொழி தெரியவில்லை என்றாலும் மெத்தனால் என்ற ஒரு சொல் போதும், எல்லா டாக்டருக்கும் புரியும். என் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றைக்கு ராத்திரி நான் சரியாகத் தூங்கவில்லை.

காலை எட்டு மணிக்கு நாலு பேரும் எங்கள் விடுதி வாசலுக்கே வந்துவிட்டார்கள். நான் அந்தப் பிள்ளையை வெளிச்சத்தில் நிறுத்தி, என் பர்ஸிலிருந்து 20,000 டாங் நோட்டை எடுத்தேன். அதன் பின்பக்கத்தில் ஹோய் ஆனின் பழைய ஜப்பானியப் பாலம்தான் அச்சிட்டிருக்கும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதில் இருக்கும் பொடி எழுத்தை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். சொன்னான். அடுத்த கண். சொன்னான். பாலத்தின் கூரையில் கோடு எத்தனை தெரிகிறது என்று கேட்டேன், எண்ண ஆரம்பித்தான். சாயங்காலமும் ஒரு தடவை வரச் சொல்லி மறுபடி பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. "அம்மா, எங்க அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்றான். அவன் அம்மா யாரென்றே எனக்குத் தெரியாது.

இந்த நோய்க்கு வைத்தியம் இருக்கிறது, சீக்கிரம் போனால். ஃபோமெபிசோல் என்று மாற்று மருந்து உண்டு. அது இல்லாத இடத்தில் சுத்தமான எத்தனாலையே மருந்தாகக் கொடுப்பார்கள். கல்லீரல் எத்தனாலைத்தான் முதலில் கவனிக்கும். அது வரைக்கும் மெத்தனால் அமிலமாக மாறாமல் நிற்கும், அதற்குள் டயாலிசிஸ் செய்து இரத்தத்திலிருந்து எடுத்துவிடலாம். 2018 டிசம்பரில் வியட்நாமின் குவாங் திரி மாகாணத்தில் டாக்டர்கள் ஒருவருடைய வயிற்றுக்குள் 15 கேன் பீரைச் செலுத்தி இப்படித்தான் காப்பாற்றினார்கள். அதைப் படித்துவிட்டு வீட்டில் யாரும் பீரை ஊற்றிப் பார்க்கக் கூடாது. அது ஆஸ்பத்திரிக்குள், இரத்தப் பரிசோதனையைப் பார்த்துப் பார்த்துச் செய்யும் வேலை.

வண்டி விஷயமும் உங்கள் கட்டுரையில் இல்லை. ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்து பார் பாராகப் போகலாம் என்று மட்டும் இருந்தது. வியட்நாமில் 2020 ஜனவரி 1 முதல் குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவருக்குத் துளி அளவுகூடச் சலுகை கிடையாது. இங்கே 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் வரை சட்டம் விடுகிறது, அங்கே பூஜ்யம். சைக்கிளில் போனாலும் அபராதம். நம் ஊர் லைசென்ஸை மட்டும் காட்டி அங்கே வண்டி ஓட்ட முடியாது. குடித்து விழுந்தால் பயணக் காப்பீடும் கை கொடுக்காது. ஹோய் ஆன் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தே போகக் கூடிய ஊர். மருமகன் இரண்டு பீர் குடித்தார், நடந்து வந்து படுத்தார்.

சில பார்களில் பலூன் விற்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். குழந்தைகள் பலூன் மாதிரி இருக்கும், ஊதி ஊதிச் சிரிப்பார்கள். அதற்குள் இருப்பது நைட்ரஸ் ஆக்சைடு, ஆபரேஷன் தியேட்டரில் மயக்கத்துக்குக் கொடுக்கும் வாயு. விடாமல் இழுத்தால் உடம்பில் பி12 சத்தைச் செயல்படாமல் செய்து, கால் மரத்துப் போகும். பந்து விளையாடும் பிள்ளைக்கு அதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது?

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. பார்களைப் பற்றிய கட்டுரை போடாதீர்கள் என்று சொல்லவில்லை. போடுங்கள், நானும் ஆசையாகப் படிப்பேன். அந்தக் கட்டுரைக்கு நடுவில் ஒரு பெட்டிச் செய்தி வேண்டும். உன் கண் முன்னால் திறக்கிற பீர் கேனைக் குடி. லேபிள் இல்லாத பாட்டிலிலிருந்து ஊற்றுவதையும், ஓசி ஷாட்டையும், யார் கலந்தது என்று தெரியாமல் பக்கெட்டில் வரும் சாராயக் கலவையையும் தொடாதே. மறுநாள் கண் மங்கினால், வெள்ளையாகத் தெரிந்தால், அது போதை இறங்காததால் இல்லை, ஓடு. அந்த நாட்டு ஆம்புலன்ஸ் எண்ணையும் சேர்த்துப் போடுங்கள். எங்கள் பக்கம் இருந்து குழுவாக அழைத்துப் போகிறவர்கள் உங்கள் பக்கத்தை வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். நீங்கள் எழுதுவதுதான் அந்தப் பிள்ளைகளின் கைக்குப் போகிறது.

அதை எழுத ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள், நானே எழுதித் தருகிறேன். விரல் நீளத்துக்கு இடம் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
ராயபுரம், சென்னை – 13.